சிவஞானம் சொல்லாமல் வைத்திருந்த நோய்

மரக்காணத்தில் உப்பு லாரி ஓட்டும் சிவஞானம் அதிகம் பேசாதவன். முதல் மனைவி விருத்தாம்பாள் இளவயதிலேயே இறந்தபோது, என்ன நோய் என்று கேட்டவர்களிடம் "வயித்துல கட்டி" என்று சொல்லி நிறுத்திக்கொண்டான். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்று பாண்டிச்சேரி டாக்டர் சொன்னதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. நடத்தை சரியில்லாதவளுக்குத்தான் அது வரும் என்று டீக்கடையில் ஒருவன் பேசக் கேட்டிருந்தான். நோயின் பெயர் வெளியே தெரிந்தால் செத்தவளையும் விடமாட்டார்கள், மகள் இலக்கியாவையும் விடமாட்டார்கள். பிறகு கட்டிக்கொண்ட விஜயலட்சுமிக்கும் அந்தக் கட்டிக் கதைதான் தெரியும்.

இலக்கியாவுக்குப் பதினாலு வயதானது. ஒருநாள் பள்ளியிலிருந்து வந்தவள், "அப்பா, எங்க கிளாஸ் பொண்ணுங்களுக்கு ஊசி போடப்போறாங்களாம். கர்ப்பப்பையில கேன்சர் வராம இருக்கறதுக்கு. நீ சரின்னு சொல்லணுமாம்" என்றாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த சிவஞானத்தின் கை நின்றது.

"வேணாம்."

"ஏங்க, நல்லதுக்குத்தானே போடறாங்க?" என்றாள் விஜயலட்சுமி.

"வேணான்னா வேணாம். அதப் போட்டா புள்ள பொறக்காதாம். போன்ல வீடியோ வந்திச்சி."

வீடியோவைவிட வேறொன்றுதான் அவனை அச்சுறுத்தியது. தாயின் ரத்தத்தோடு அந்த நோய் மகளுக்குள்ளும் வந்து தூங்கிக்கொண்டிருக்கிறது, ஊசி பட்டால் எழுந்துவிடும் என்று நம்பினான்.

சம்மதம் வராததால், பள்ளியில் ஊசி போடும் நர்ஸ் வைஜெயந்தி அவனைத் தேடி உப்பளத்துக்கே வந்தாள். லாரியில் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. அவளை லாரிக்குப் பின்பக்கம் அழைத்துப் போய், "ரத்தத்துலயே வர்ற நோய் ஊசி பட்டா எழுந்துக்காதா?" என்று கேட்டான்.

"பரம்பரையா வர்ற நோய் இல்லண்ணே இது. ஒரு வைரஸால வருது. ஆம்பள பொம்பள சேர்றப்ப தொத்தும். அதுக்கு முன்னாடியே ஊசி போட்டுடணும்."

"என் பொண்டாட்டி அப்பிடிப்பட்டவ இல்ல!" வாய் தவறி வந்துவிட்டது.

வைஜெயந்திக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தணித்தாள். "நான் அப்பிடிச் சொல்லலியே. புருஷனத் தவிர யாரையும் தெரியாத பொம்பளைக்கும் வரும். அவர்கிட்டேருந்து வந்திருக்கும். அவருக்கு வலிக்காது, ஒண்ணும் தெரியாது. நிறைய பேருக்குத் தானா போயிடும். சிலருக்குத் தங்கிடும். பல வருஷம் கழிச்சு கேன்சராவும்."

கிளீனர் கூப்பிட்டது அவன் காதில் விழவில்லை. வெளியூருக்கு லோடு போன காலங்கள், நெடுஞ்சாலையோரத்தில் அவன் போய்வந்த வீடுகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

"ரெண்டாவதா கட்டினவளுக்கும் வருமா?"

"வரலாம். ஏன், அவங்களுக்கு ஏதாவது தொந்தரவு இருக்குதா?"

போன வாரம் விஜயலட்சுமி வீட்டு விலக்கு இல்லாத நாளில் கறைபட்ட புடவையை அலசியதைப் பார்த்திருந்தான். பார்த்தும் பேசாமல் இருந்தான். விருத்தாம்பாளுக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் அழவில்லை. "இவ்ளோ வருஷமும் தெரிஞ்சேதான் என்கூட இருந்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"நோய் தெரியும். எங்கேருந்து வந்திச்சின்னு இன்னிக்குத்தான் தெரியும்" என்றான். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இலக்கியாவுக்கு ஊசி போட்டார்கள். ஒருநாள் கை வலித்தது, அவ்வளவுதான். விஜயலட்சுமிக்கு ஊர் ஆஸ்பத்திரியில் பரிசோதனை செய்தவர்கள் மறுபடி வரச் சொன்னார்கள், பிறகு பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள். செல்கள் மாறத் தொடங்கியிருக்கின்றன, இன்னும் புற்றாகவில்லை என்றார் அங்கிருந்த டாக்டர். மாறிய இடத்தைச் சுட்டு எடுத்தார்கள்.

"இத்தோட முடிஞ்சிடிச்சின்னு விட்டுடாதீங்க. திரும்ப வரலாம். கூப்பிடறப்பல்லாம் வந்து பாத்துக்கணும்" என்றார் டாக்டர்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். அன்றிலிருந்து மகளோடுதான் படுக்கிறாள். அவன் ஒருநாள் தயங்கித் தயங்கி, "இலக்கியாவுக்கு இனிமே பயம் இல்ல, விஜி. ஊசி போட்டாச்சில்ல" என்றான்.

"எனக்கு?" என்றாள் அவள்.