சிவப்பு ரப்பர் பேண்டு போட்ட கேமரா

என் தம்பி ரூபேந்திரன் சேர்த்ததெல்லாம் ஜப்பான் கேமராக்கள். ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு, என் வயதைவிடப் பழையது. பார்த்தால் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும்; ஆனால் படம் பிடிக்கும். தெப்ரா தொழிற்பேட்டையில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டியவன், ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய சாமான் கடைகளில் தேடி வாங்கி, தூண்டில் பெட்டியின் சின்ன அறைகளில் பஞ்சு விரித்து வைத்திருந்தான். அந்த அளவு ஃபிலிம் இப்போது எந்தக் கடையிலும் கிடையாது. பெரிய ஃபிலிமை இருட்டில், போர்வைக்குள் கையை விட்டு, தடவித் தடவியே வெட்டிச் சுருட்டுவான். யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கு அதில் பெருமைதான்.

ஃபிலிம் இருக்கும் கேமராவுக்குச் சிவப்பு ரப்பர் பேண்டு போடுவான். அதைத் திறக்கக் கூடாது, வெளிச்சம் பட்டால் படம் அழிந்துவிடும் என்று அடையாளம்.

சர்க்கரை நோயால் இடது காலை எடுத்த பிறகு, தன்னை யாரும் படமெடுக்க அவன் விடவில்லை. மகள் ஷர்மினியின் பட்டமளிப்பிலும் ஒதுங்கியே நின்றான். போன தீபாவளிக்குக் கெலாங் பாத்தாவில் அவன் வீட்டுக்குப் போனேன். என்ன தோன்றியதோ, ஒரு கேமராவை என்னிடம் நீட்டினான்.

"அக்கா, ஒன்னு எடு. கை ஆடுச்சின்னா முறுக்கு கிடையாது."

"முகம் மட்டுமாடா?"

"முழுசா எடு லா. ஒரு கால் கொறைஞ்சா ஃபிலிம் மிச்சம்தானே."

நடுவில் அவன், இரு பக்கமும் மனைவி கஸ்தூரியும் ஷர்மினியும். மூவரும் சிரித்தார்கள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு அழுத்தினேன். சுருள் முடியட்டும், கழுவலாம் என்று ரப்பர் பேண்டு போட்டு வைத்தான். அது முடிவதற்குள் மாரடைப்பில் போய்விட்டான்.

அந்தப் படத்தைச் சிங்கப்பூரில் கழுவி, பெரிதாக்கி, அம்மாவுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்க ஷர்மினி நினைத்திருந்தாள். என்னிடம் மட்டும்தான் சொன்னாள். அவன் அப்போதே கழுவி வைத்திருப்பான் என்று கஸ்தூரி நினைத்திருந்தாள்.

கருமாதிப் படையலில் அவனுக்குப் பிடித்ததை வைக்க வேண்டுமே. கஸ்தூரி பெட்டியை இறக்கி, கேமராக்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். உள்ளேயும் தூசி இருக்கக் கூடாது என்று பின்மூடிகளைத் திறந்தாள். படையலில் ரப்பர் பேண்டு எதற்கு என்று, அதன் அர்த்தம் தெரியாமல், அதையும் கழற்றிவிட்டாள். நானும் ஷர்மினியும் கடையிலிருந்து திரும்பியபோது எல்லாம் ஜன்னலோர வெயிலில் திறந்து கிடந்தன.

"அலமாக், ஐயோ! அம்மா, அதுல ஃபிலிம் இருக்கும்மா!"

கஸ்தூரி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவரு சிரிச்ச முகத்த நானே அழிச்சிட்டேன் அண்ணி."

அதன் பிறகு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஷர்மினி அந்தச் சுருளைக் கழுவக் கொடுத்தாள். முழுக்கக் கருப்பாக வந்தது; ஒரு படமும் மிஞ்சவில்லை. வீடு வரும் வழியில் காரில் அழுதாள். வாசலில் முகம் கழுவிவிட்டு உள்ளே போனாள்.

"அம்மா, ஒரு படம் தப்பிச்சிடுச்சி. இந்தாங்க."

கஸ்தூரி அந்தச் சுருளை விளக்குக்கு நேரே பிடித்தாள்.

"எங்கடி?"

"நகத்தளவுதான் இருக்கும்மா. அப்பா நடுவுல இருக்காரு பாருங்க. சிரிக்கிறாரு."

கஸ்தூரி நெகட்டிவ் பார்த்தறியாதவள் அல்ல. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"ஆமாண்டி. பல்லு தெரியுது" என்றாள்.

நான் எழுந்து அடுப்பைப் பற்றவைத்துச் சோறு வைத்தேன். அன்று மூவரும் சாப்பிட்டோம்.