உப்பு போடாத தோல்கள்

பச்சைத் தோலின் வாடை வந்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வரும். பெங்களூர் கம்பெனியில் அன்வருக்கு வேலை கிடைத்ததும், எங்கள் நிச்சயத்தை அவன் அம்மா முறித்தாள். அவன் தலைகுனிந்து நின்றான்.

அடுத்த பக்ரீத்துக்குச் சித்தூர் வந்தவன், அனாதை இல்லத்துக்காக வீடு வீடாகக் குர்பானி கொடுத்த ஆடுகளின் தோல்களைச் சேர்த்தான். தோல் அழுகாமலிருக்க உப்புத் தடவும் பெண்களில் நானும் ஒருத்தி. அவன் மானம் போகட்டுமென்று, ஓரத்தில் மட்டும் உப்பைத் தூவி மடித்து வைத்தேன்.

மூன்றாம் நாள் தோல்கள் அழுகி, தொட்டால் முடி கையோடு வந்தது. "இத நாய்கூட துன்னாதுய்யா!" என்று தோல் வாங்க வந்தவர் ஊரார் முன் அவன்மேல் எரிந்து விழுந்தார். தோல் விற்ற காசில் வாங்கவிருந்த இல்லத்துப் பிள்ளைகளின் அரிசியும் அதோடு போனது. எனக்கு உறுத்துவது அது ஒன்றுதான்.

பஸ் ஏறுமுன் அன்வர் வந்தான்.

"உப்பு போடாதது நீதான்னு தெரியும். யார்கிட்டயும் சொல்லாம வாய மூடிக்கினேன்."

"அன்னிக்கும் இப்படித்தான் வாய மூடிக்கினு நின்ன."