சகாயமேரியின் முகம்

அன்பரசுவுக்கு முடியாது என்று சொல்ல வராது. அதுதான் அவனைக் கெடுத்தது. மஞ்சக்குப்பத்தில் நான் வைத்திருந்த பிளெக்ஸ் கடையில் அவன்தான் டிசைனர். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று பகலெல்லாம் கம்ப்யூட்டரில் கிடப்பான். வேலை முடிந்ததும் மாதா கோயிலுக்கு ஓடிவிடுவான். ஞாயிறு பாட்டுகளைத் திரையில் போடுவது, திருவிழா பேனர், ஃபாதரின் பிரிண்டர் ரிப்பேர், எல்லாம் ஓசி. "கல்யாணம் ஆனாத்தான்டா ஒனக்கெல்லாம் புத்தி வரும்" என்று திட்டுவேன். சிரித்துக்கொண்டே போவான்.

சுனாமி வந்து ஒரு வருஷம் ஆகப்போகிற சமயம். இறந்தவர்களின் படங்களை வைத்துப் பூசை செய்வதென்று கோயிலில் முடிவு செய்தார்கள். வீட்டோடு படமும் போனவர்களுக்கு, பழைய திருவிழா வீடியோக்களில் முகம் தேடிக் கொடுத்தான் அன்பரசு. தேவனாம்பட்டினத்தில் மீன் விற்கும் ஜெயராணியும் வந்தாள். ஏழு வயது மகள் சகாயமேரியைக் கடல் கொண்டுபோயிருந்தது. உடல்கூடக் கிடைக்கவில்லை.

"ஒரே ஒரு படம் போதும் தம்பி. எம்புள்ள மூஞ்சியப் பாக்கணும்."

ஒரு வீடியோவில், தேர் பவனியில் மெழுகுவத்தியோடு ஒரு நொடி கடந்துபோனாள் அந்தப் பிள்ளை. நிறுத்திப் பெரிதாக்கினால் கண் எது, வாய் எது என்று தெரியவில்லை. விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே? இவன் விடவில்லை. ஜெயராணியைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டு வரைந்தான். கண்ணை ஜெயராணியுடைய தங்கையின் படத்திலிருந்து எடுத்தான். வாய் ஏதோ பிறந்தநாள் பேனரிலிருந்து வந்தது. எங்கள் தொழிலில் இது வழக்கம்தான். செத்தவருக்குக் கோட்டு மாட்டுவோம், மூடிய கண்ணைத் திறப்போம், நிறத்தை ஏற்றுவோம்.

"இவ்ளோ செவப்பா இருக்க மாட்டா" என்றாள் ஜெயராணி. பிறகு படத்தை மாரோடு அணைத்துக்கொண்டு அழுதாள்.

அன்றிலிருந்து அந்தப் படத்துக்குத்தான் மாலை, மெழுகுவத்தி, பிறந்தநாளுக்குக் கேக்கு. கோயிலில் பார்க்கும்போதெல்லாம் அன்பரசுவின் கையைப் பிடித்துக்கொள்வாள். "கண்ண மூடுனா இந்த மூஞ்சிதான் தம்பி வருது" என்று ஒருமுறை சொன்னாள். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் கோயிலுக்கு ஆண்டு மலர் போட்டார்கள். பழைய படங்களை ஸ்கேன் செய்வது வழக்கம்போல அவன் தலையில் விழுந்தது. சிதம்பரத்துக்குக் குடிபோன ஒரு குடும்பத்தின் கல்யாண ஆல்பத்தை வாங்கப் போனான். அங்கேயே புரட்டியிருக்கிறான். பந்தியில் ஜெயராணி. பக்கத்தில் கையில் அப்பளத்தோடு ஒரு சிறுமி. சப்பை மூக்கு, எத்துப் பல், கன்னம் கொள்ளாத சிரிப்பு.

"நம்ம சகாயமேரிதான். அன்னிக்கு எம்மடியிலதான் தூங்கினா" என்றிருக்கிறாள் வீட்டுக்காரம்மா.

பஸ் ஏறும்போதே எனக்குப் போன் செய்தான். "அண்ணே, கெடச்சிட்டா." பஸ்ஸ்டாண்டிலிருந்து நானே பைக்கில் ஜெயராணி வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு ஆல்பத்தை வாங்கினாள் ஜெயராணி. வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "அப்ப எவ்ளோ ஒல்லியா இருந்திருக்கேன்" என்று சிரித்தாள். அப்புறம் அந்தச் சிறுமியின் மேல் விரலை வைத்தாள்.

"இது யாரு புள்ள தம்பி?"

அன்பரசு வாயைத் திறந்தான். பாவி, அழுதுவிடுவான் போலிருந்தது. நான்தான் முந்திக்கொண்டு, "கல்யாணத்துக்கு வந்த புள்ளையா இருக்கும்" என்றேன்.

"இருக்கும்" என்று ஆல்பத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "எம்பொண்ணயும் அன்னிக்குக் கூட்டிட்டுத்தான் போனேன். ஒரு படத்துலகூட விழல பாரு."