இடது விலாவில் இரண்டு வலிகள்

முதல் அறிகுறி ஒரு கொட்டாவி. ஐம்பதுகளின் கடைசியில் ஒரு சீசன் காலை. ஒரு நாளிதழின் தென்காசி நிருபராக, அன்றைய செய்திக்காகக் குற்றாலம் பேரருவிக் கரையில் நின்று கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொட்டாவி பாதியில் நின்றது. இடது விலாவுக்குள் கோணி ஊசியால் தைத்தது போல ஒரு குத்து. சாரல் நன்றாக இருக்கிறது, அருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று வருஷந்தோறும் எழுதும் வரியை எழுதி, உறையைப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் காய்ச்சல்.

டாக்டர் ப்ளூரிசி என்றார் (நுரையீரலைச் சுற்றியுள்ள உறை அழன்று, அதில் நீர் கோத்துக்கொள்வது). காரணம் காசநோய்க் கிருமி. முதுகில் ஊசியைச் செலுத்தி நீரை எடுத்தார்கள். வெளிறிய மஞ்சளாக இருந்தது. பிறகு ஸ்ட்ரெப்டோமைசின் (காசநோயை அடக்கும் ஊசிமருந்து), மாத்திரைகள், படுக்கை.

எங்கள் மகள் கோமதிக்கு அப்போது ஐந்து வயது. குழந்தை ஒரே வீட்டில் இருக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால், வாசுதேவநல்லூரில் என் மைத்துனர் வீட்டுக்கு அனுப்பினோம். போகும்போது அவளை வண்டியில் தூக்கிவிட எனக்கு அனுமதி இல்லை. என் மனைவி ஆவுடைதான் தூக்கி உட்காரவைத்தாள்.

ஒரு வருஷத்துக்கும் மேல் படுத்துக் கிடந்தேன். ஜன்னலில் மலை தெரியும். மேகம் இறங்கி மலையை எடுத்துக்கொண்டு போகும்; எப்போதோ திரும்பக் கொண்டுவந்து வைக்கும். மழை நாட்களில் அருவி ஒரு வெள்ளை நூலாகத் தெரிந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து அதற்குச் சத்தம் இல்லை. செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்தன. என் உடம்பு, யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் விட்டுப்போன ஒரு சாமான் போல இருந்தது.

ஒரு சித்திரையில் டாக்டர் நெஞ்சில் குழல் வைத்து வெகுநேரம் கேட்டார்.

“கிருமி அடங்கிட்டுது. ஆனா இடது பக்கம் சுருங்கிக் கிடக்கு. இனிமே உடற்பயிற்சிதான் மருந்து.”

“மகளைக் கூட்டிக்கிடலாமா டாக்டர்?”

“ஆனி வரைக்கும் பார்ப்போம். அதுக்குள்ள காய்ச்சலோ வலியோ திரும்பலைன்னா வரட்டும்.”

பயிற்சி எளிமையானது. மல்லாந்து படுத்து விலா விரிய மூச்சு இழுக்க வேண்டும். சுவரைப் பார்த்து நின்று, இடது கை விரல்களைப் படிப்படியாக மேலே நடத்த வேண்டும். எட்டிய இடத்தில் ஆவுடை கரித்துண்டால் கோடு போடுவாள். வெயில் தாழ்ந்ததும் கோயில் வரை நடை. அந்நாளில் இடிந்து பிளந்து நின்ற கோபுரத்தின் கீழே எப்போதும் அடிக்கும் காற்று, முதல் தடவை என்னை ஒரு தள்ளுத் தள்ளி இருமவைத்தது.

நீண்ட படுக்கையிலிருந்து எழுந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதல் நாள் எளிதாக இருக்கும்; அதை நம்பக்கூடாது. உடம்பு தன் கணக்கை இரண்டாம் நாள்தான் சொல்லும். உட்கார்ந்தால் தொடை வலிக்கும், சிரித்தால் வயிறு வலிக்கும். வேளைகெட்ட வேளையில் பசிக்கும். தூக்கம் கிணற்றில் கல் விழுவது போல வரும். பல நாட்கள் கரிக்கோடு அதே இடத்தில் நிற்கும். அந்த நாட்கள் வீண் என்று தோன்றும். அப்படியல்ல.

வைகாசியில் சங்கரபாண்டி வந்தான். என்னோடு பள்ளியில் படித்தவன், போலீஸ் கான்ஸ்டபிள். பக்கத்தில் குத்துக்கல்வலசைக்கு லீவில் வந்திருந்தான். நான் சுவரில் விரல் நடத்துவதை வாசலில் நின்று பார்த்தான்.

“ஏலே, சுவத்துல பல்லி பிடிக்கியா?”

“கசரத்துடா.”

“இதுவா? எங்க போலீஸ் லைன்ல கைப்பிள்ளை இதவிடக் கூடச் செய்யும்.”

மறுநாள் சைக்கிளில் ஒரு கர்லாக்கட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். தலையைச் சுற்றிச் சுழற்றும் கனத்த மரக்கட்டை. ஆவுடை அடுக்களையிலிருந்து வந்தாள்.

“அண்ணாச்சி, அவங்களுக்கு உடம்பு இப்பத்தான் தேறுது.”

“அதுக்குத்தான மைனி இது! பேனா பிடிச்சுப் பிடிச்சே உங்க வீட்டுக்காரரு பென்சிலா தேஞ்சு போயிட்டாரு.”

சிரித்தேன். கட்டையை வாங்கிச் சுழற்றினேன். அது தன் கனத்தாலேயே சுற்றி வந்தது. நெடுநாளைக்குப் பிறகு வியர்த்தது. நிறுத்த மனம் வரவில்லை.

இரண்டாம் நாள் காலை சட்டையைக் கழற்றக் கை உயரவில்லை. வலி இடது விலாவில் இருந்தது. கொட்டாவி நின்ற அதே இடம்.

ஆவுடை பார்த்துவிட்டாள். வெப்பமானியை வைத்தாள். காய்ச்சல் இல்லை. மறுபடி வைத்தாள்.

“ஆனியில பிள்ளையைக் கூட்டிட்டு வாங்கன்னு அண்ணன்கிட்டச் சொல்லியாச்சே” என்றாள்.

குதிரை வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். குலுங்கும்போதெல்லாம் விலாவைக் கையால் பிடித்துக்கொண்டேன். வராந்தா பெஞ்சில் முன்பு உட்கார்ந்த அதே ஓரத்தில் உட்கார்ந்தோம். பினாயில் வாசனையில் ஏறக்குறைய இரண்டு வருஷம் ஒரே நாளாக மடங்கியது.

டாக்டர் விரலால் விலாவை அழுத்தினார். “ஐயோ” என்று கத்திவிட்டேன்.

“மூச்சை நல்லா இழுங்க.”

இழுக்கப் பயமாக இருந்தது. ஆவுடை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல இழுத்தேன். தசை இழுபட்டது. ஆனால் அந்தக் குத்து வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். வரவில்லை.

டாக்டர் குழலை வைத்துக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “உறை வலி மூச்சுல குத்தும். சதை வலி விரலுக்குச் சிக்கும். உங்களுக்கு இது சதை. என்ன செஞ்சீங்க?”

“கர்லாக்கட்டை.”

“எத்தனை சுத்து?”

“எண்ணலை.”

“மாசக்கணக்கா படுத்துக் கிடந்த சதை. அது எண்ணியிருக்கு” என்றார். இருமலும் காய்ச்சலும் சேர்ந்தால் இந்தச் சோதனையை நம்பாமல் உடனே வரவேண்டும் என்றும், கட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் ஆவுடை காப்பியோடு வந்து, ஒரு விரலால் என் விலாவை அழுத்துவாள்.

“வலிக்கா?”

“வலிக்கி.”

“நல்லது” என்று போய்விடுவாள். ஒருநாள் வலிக்கவில்லை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அதுவும் நல்லதுதான்” என்றாள்.

சுவரில் கரிக்கோடுகள் ஏறின. கடைசியாகக் குடம் தூக்கிப் பார்க்க அனுமதி கிடைத்தது. ஆவுடை தன் இடுப்பில் வைத்துப் பார்த்து, இன்னும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி, “கோமதி இந்தக் கனம் இருப்பா” என்றாள். அந்தக் குடத்தைத் தினமும் தூக்கி இறக்கினேன்.

ஆனியில் சாரல் தொடங்கியது. பஸ் வந்து நின்றது. மைத்துனருக்கு முன்னால் கோமதி தானே குதித்து இறங்கினாள். நான் குனிந்து இரண்டு கைகளையும் நீட்டினேன்.

“வேண்டாம்ப்பா, எல்லாரும் பாக்காங்க.”

அவள் என் நெஞ்சு வரை வளர்ந்திருந்தாள். நான் தூக்கப் பழகியது, அன்று வண்டியில் ஏறிப்போன பிள்ளையை. அந்தக் கனம் இனி எங்கும் இல்லை. கையில் வைத்திருந்த பையை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

வீடு திரும்பும் குதிரை வண்டியில் என் இடது பக்கம் உட்கார்ந்தாள். தூறல் விழுந்தது. மலை இல்லை; மேகம்தான் இருந்தது. அவள் கொட்டாவி விட்டாள். அது எனக்கும் தொற்றி, நடுவில் நிற்காமல் முழுதாக வந்து முடிந்தது. கொஞ்ச நேரத்தில் என் விலாவில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள்.

குனிந்து பார்த்தேன். நான் மூச்சு இழுத்தபோது அவள் தலை உயர்ந்தது. விட்டபோது தாழ்ந்தது. குதிரை தன் போக்கில் போய்க்கொண்டிருந்தது. எங்களுக்கும் அவசரம் இல்லை.