கண்ணாடி நூலில் போட்ட முடிச்சு

என் கடை கோட்டைக்குப்பத்தில், ஆந்திரா எல்லையை ஒட்டிய உப்பு ஏரிக்குப் போகிற தெருவில் இருக்கிறது. ஜெராக்ஸ் எடுப்பேன், போட்டோ பிடிப்பேன், இன்டர்நெட்டில் விண்ணப்பம் போட்டுத் தருவேன். படித்தது எட்டாவது வரைக்கும்தான். மிச்சமெல்லாம் கடைக்கு வருகிறவர்கள் வாயைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. யாராவது நல்லதாக ஒன்று சொல்லிவிட்டால் வீணான ஜெராக்ஸ் தாளின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்வேன். அந்தத் தாள்களில் பாதிக்கு மேல் எதிர்வீட்டு அக்கா சொன்னது.

அக்கா சின்ன வயசில் கழுத்தில் ஓலையால் பின்னிய பறிக்கூடையை மாட்டிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் தடவித் தடவிக் கையாலேயே நண்டு பிடித்தவர். இப்போது மற்றவர்கள் பிடித்து வருவதை வாங்கி, கொடுக்கைக் கட்டி, உயிரோடு வியாபாரிக்குப் போடுகிறார். போன வருஷம் சென்னையில் ஒரு ஓட்டல்காரர், "நேரா என்கிட்டயே அனுப்புங்க, ஆனா தினம் வண்டி கிளம்பறதுக்கு முன்னால வீடியோவுல எனக்கு நண்டைக் காட்டணும்" என்றார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனை வருஷமாக நடுவில் ஒரு ஆள் இல்லாமல் விற்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்!

ஆனால் எங்கள் ஊர் சிக்னல் இருக்கிறதே. பாதி நேரம் போன் ஆந்திரா டவரைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் வரவேற்கும். முதல் நாள் வீடியோவில் படம் அப்படியே உறைந்துவிட்டது. ஓட்டல்காரர் ஒரே நண்டை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "செத்த நண்டா?" என்று கேட்டார்.

"நண்டு கூடையை உட்டு எறங்கி என் கால்கிட்ட வந்து நிக்குது நைனா. அவரு செத்துட்டுதானு கேக்குறாரு!" என்று அக்கா என்னிடம் வந்து குதித்தார்.

இன்னொரு தடவை பார்க்கிறேன், வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, அதோடு சரி என்று ஓட்டல்காரர் சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பஜாரிலிருந்து இன்டர்நெட் கம்பெனி லைன்மேன் தம்பி வந்து, எட்டு வீடு சேர்ந்தால் ஃபைபர் லைன் இழுத்துத் தருகிறேன் என்றார். நான் வீடு வீடாகப் போய்ப் பேசினேன். பேசுவதற்கு எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? "பழைய டெலிபோன் லைன் இன்னா ஆச்சு? செம்புக் கம்பி, உப்புக் காத்துல பச்சை பூத்துப் போச்சி. இதுல செம்பே கிடையாது. பஜார்லேருந்து உங்க வீட்டு மோடம் வரைக்கும் முழுக்க முழுக்கக் கண்ணாடி. தலைமுடி மாதிரி சன்னமா இருக்கும். அதுக்குள்ள வெளிச்சம் அணைஞ்சி அணைஞ்சி எரியும். அந்தச் சிமிட்டல்தான் படம், பேச்சு, எல்லாம். மோடம் அதைப் படிச்சி உங்க போனுக்குக் குடுக்கும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். அக்கா மட்டும் கேட்டார்: "டார்ச் அடிச்சா நேராத்தானே போவுது? சந்து திரும்புமா? உன் கம்பி பத்து இடத்துல திரும்பி வருதே, வெளிச்சம் எப்படித் திரும்பும்?"

எனக்குத் தெரியாது. "அதெல்லாம் கம்பெனி பாத்துக்கும்க்கா" என்று பேச்சை மாற்றினேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆனாலும் முதல் பேர் அவருடையதுதான். "உன்னை நம்பித்தான்" என்றார்.

வியாழக்கிழமை லைன் வந்தது. என் கடைச் சுவரில் ஒரு சின்னப் பெட்டி. வருகிற ஒரே நூல் அதற்குள் எட்டாகப் பிரிகிறது. அந்தப் பெட்டிக்குக் கரண்ட்டே வேண்டாமாம். வெளிச்சத்தைப் பங்கு போடுவது மட்டும்தான் வேலை.

"பங்கு போட்டா கொறையாதா?" என்றார் அக்கா.

"கொறையும்க்கா. அதை யோசிச்சித்தான் அங்கேருந்து அனுப்புறாங்க. பெரிய கம்பெனிக்காரங்க பங்கே வேணாம்னு தனி லைன் வாங்குவாங்க. உங்க நண்டுக்கு இதுவே தாராளம். நீங்க பாக்குற படம் எப்படி வருதோ, நீங்க காட்டுற படமும் அதே வேகத்துல போவும்."

என் கடையையும் சேர்த்து எட்டு இடத்திலும் பச்சை விளக்கு எரிந்தது. பெட்டிக்குள் நுழைவதற்கு முன்னால் ஏழெட்டு முழம் வெள்ளை நூல் மிச்சமாக வளையம் வளையமாகத் தொங்கியது. பெரிய பெட்டி வந்ததும் உள்ளே சுற்றி வைத்துக்கொள்ளலாம், அதுவரைக்கும் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு லைன்மேன் போனார்.

அப்படியே இருக்கட்டும் என்றால் எப்படி இருக்கும்? நான் கடை போடுவதற்கு முன்னால் பதினைந்து வருஷம் படகில் போனவன். படகில் ஒரு கயிறு தளர்ந்து தொங்கினால் காலைச் சிக்கவைக்கும், இல்லாவிட்டால் இன்ஜின் விசிறியில் போய்ச் சுற்றும். கண்ணில் பட்டால் இழுத்துக் கட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை. வளையத்தையெல்லாம் ஒன்றாக மடித்தேன், வலை நூலால் நடுவில் இறுக்கி ஒரு கட்டு கட்டினேன். சுவர் சுத்தமாக இருந்தது. டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் மோடத்தில் சிவப்பு விளக்கு. என் கடையில் மட்டுமில்லை, மற்ற ஏழு வீட்டிலும். சாயந்திரத்துக்குள் என் கடை வாசலில் ஊரே நின்றது. ஒருத்தர் காக்காயைச் சொன்னார், ஒருத்தர் ஆட்டைச் சொன்னார். நான் கம்பெனியைச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன், இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அக்கா, "நாளைக்குப் பத்து மணி" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் எட்டரைக்கு லைன்மேன் வந்தார். பஜாரிலிருந்து வருகிற வெளிச்சத்தைக் கம்பத்தில் அளந்தார். நன்றாக இருந்தது. என் பெட்டியில் அளந்தார். ஒன்றுமே இல்லை. "கம்பத்துக்கும் இந்தச் சுவத்துக்கும் நடுவுலதாண்ணா" என்று சொல்லி, பேனா மாதிரி ஒன்றை எடுத்து நூலின் முனையில் செருகினார். "சிவப்பு வெளிச்சம் உள்ள போவும். எங்க ஒழுகுதோ அங்க தெரியும். கொஞ்சம் இருட்டாக்குங்க."

வாசல் ஷட்டரை இறக்கினேன். அக்காவும் உள்ளே இருந்தார். கண் பழகியதும் பார்த்தோம். சுவரில் ஒரே ஒரு இடம், அடுப்பில் ஊதிவிட்ட கரி மாதிரி சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. என் கட்டு.

"யாரு கட்டினது?" என்றார் லைன்மேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். எங்கள் ஊரில் முடிச்சைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். சிலர் வாலை உள்ளே சொருகுவார்கள், சிலர் ஒட்ட நறுக்குவார்கள்.

"ரெண்டு சுத்து சுத்தி வாலை நீட்டி உட்டுக்குது. இந்த ஊர்லயே இப்படிக் கட்டற ஆளு ஒருத்தன்தான். இன்னா நைனா, நேத்து கம்பெனிக்காரனைத் திட்டினியே, அந்தக் கம்பெனி இங்கதான் நிக்குதா?"

"தொங்கினு இருந்துதுக்கா..." என்றேன்.

"தொங்கினா? அது இன்னா நண்டா, கட்டலன்னா ஓடிப்போறதுக்கு?"

லைன்மேன் சிரிப்பை அடக்கிக்கொண்டு பொறுமையாகக் கட்டை அவிழ்த்தார். மடிந்த நூலை விரலால் நீவி, தட்டு அகலத்துக்கு வளையமாக்கினார். சிவப்பு அப்படியே மறைந்துபோனது. "நல்ல வேளை, உடையல. இவ்ளோ அகலமா வளைச்சா வெளிச்சம் போவும். இறுக்கி மடிச்சா பக்கவாட்டுல வெளிய வந்துடும்."

அக்கா அந்த வளையத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "காலையில வெயில் சாஞ்சி அடிக்கும்போது ஏரியில அடி தெரியுமா?" என்று கேட்டார். "தெரியாது. தண்ணி மேல பட்டுக் கண்ணுலதான் தெறிக்கும். உச்சிக்கு வந்தாத்தான் வெயில் உள்ள எறங்கும், நண்டு தெரியும். அதானே இது? வெளிச்சம் சாஞ்சி போற வரைக்கும் கண்ணாடிச் சுவத்துல பட்டுப் பட்டு வழுக்கினே போவுது. இவன் மடிச்சதும் நேராப் போயி முட்டி, வெளிய பூந்துட்டுது."

லைன்மேன் வெளிச்சம் அளக்கிற மீட்டரைக் கீழே வைத்துவிட்டார். "எனக்கு டிரெய்னிங்ல கூட யாரும் இப்படிச் சொல்லலக்கா."

சந்து திரும்புமா என்று அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு அக்காவே பதில் சொல்லிக்கொண்டார். நான் அதை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

லைன்மேன் நூலைத் திரும்பப் பெட்டியில் செருகி, நான் ஷட்டரை ஏற்றியபோது எல்லா வீட்டிலும் பச்சை. பத்து மணிக்கு அக்கா வீட்டில் நான் போனைப் பிடித்துக்கொண்டேன், அக்கா நண்டைப் பிடித்துக்கொண்டார். படம் துளிகூட நிற்கவில்லை. "திருப்புங்க, வயிறு பாக்கணும்" என்றார் ஓட்டல்காரர். அக்கா திருப்பினார். கட்டிய கொடுக்கோடு நண்டு காலை உதறிய உதறலில் தண்ணீர் என் கையில் தெறித்தது. அந்தப் பக்கம் ஓட்டல்காரர் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

"உயிரோடத்தான் இருக்குது" என்றார் சிரித்துக்கொண்டே. "திங்கக்கிழமை வண்டி அனுப்புறேன்மா."

அன்றைக்குச் சாயந்திரம் அக்கா கடைக்கு வந்தார். கையில் பழைய பறி ஒன்றின் வாய் வளையம். ஓலையெல்லாம் போய், வளைத்துக் கட்டிய பிரம்பு மட்டும் மிச்சம். அவரே ஆணியில் மாட்டி, மிச்ச நூலை அதைச் சுற்றித் தளர்வாகத் தொங்கவிட்டார்.

"இது இவ்ளோ அகலத்துக்குக் கீழ மடங்காது. உனக்குக் கட்டணும்னு கை ஊறுச்சுன்னா நேரா என் வூட்டுக்கு வா. கொடுக்கு கட்டறதுக்கு ஆள் வேணும்."

லைன்மேன் பெரிய பெட்டி கொண்டு வந்தபோது அந்த வளையத்தைப் பார்த்துவிட்டு, அதுவே போதும் என்று பெட்டியைத் திருப்பி எடுத்துப் போய்விட்டார். நான் தினமும் ஒன்பது மணிக்குக் கடையைத் திறந்து வைத்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போகிறேன். ஒரு கூடை நண்டுக்காவது கொடுக்கு கட்டுகிறேன். இரண்டு சுற்று, வால் நீளமாக. சென்னையில் அவிழ்க்கிறவருக்கு அதைப் பிடித்து இழுக்க வசதியாக இருக்கிறதாம். ஓட்டல்காரரே வீடியோவில் சொன்னார்.