மூடு அக்காவின் மூன்றாம் தொட்டி

அந்த உருளைக்கிழங்கு சிப்ஸ் ஆலையில் அவளை எல்லோரும் 'மூடு அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். கழுவும் பிரிவில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள். யாராவது குழாயைத் திறந்துவிட்டு ஓரடி நகர்ந்தால் போதும், "மூடு" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. புதிதாகச் சேருகிறவர்கள் அக்காவுக்கு அன்றைக்கு மூடு சரியில்லை போலிருக்கிறது என்று ஒதுங்கிப் போவார்கள். விஷயம் புரிய ஒரு வாரம் ஆகும்.

பிரிவில் மூன்று தொட்டிகள். மண்ணோடு வருகிற கிழங்கை முதல் தொட்டியில் கழுவுவார்கள். தோல் சீவி, வில்லை வில்லையாக நறுக்கியபின் இரண்டாவதில் மாவுப்பசை போக அலசுவார்கள். மூன்றாவதில் கடைசி அலசல். மூன்றுக்கும் வருவது நல்ல தண்ணீர். மூன்றிலிருந்தும் போவது சாக்கடைக்கு.

அந்தக் கோடையில் ஆலையின் ஆழ்துளைக் கிணறு கையை விரித்தது. அடுத்த மாதத்திலிருந்து கழுவும் பிரிவுக்கு வாரத்தில் நான்கு நாள்தான் வேலை என்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். பிரிவின் பதினான்கு பெண்களும் அதைப் படித்துவிட்டுச் சம்பளத்தில் எவ்வளவு குறையும் என்று விரல் விட்டு எண்ணினார்கள். மூடு அக்கா திரும்பி மூன்றாம் தொட்டியைப் பார்த்தாள்.

மறுநாள் டீ இடைவேளைக்கு அவள் போகவில்லை. கிழங்கு வரும் பட்டை நின்றிருந்தது. அதில் ஒரு வில்லைகூட இல்லை. தண்ணீரோ அது பாட்டுக்கு விழுந்து வழிந்துகொண்டிருந்தது. மூன்றாம் தொட்டியின் வடிகுழாயில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, காலி பீப்பாய் ஒன்றில் விட்டாள். நிறைந்ததும் அடுத்தது. இடைவேளை முடிந்து மேலாளர் உள்ளே வந்தபோது பதினோரு பீப்பாய்கள் தளும்பிக்கொண்டு நின்றன.

"என்னம்மா, கடை பரப்பி வச்சிருக்க?"

"எல்லாரும் டீ குடிச்ச நேரத்துல சாக்கடைக்குப் போக இருந்த தண்ணி, சார். கையை விட்டுப் பாருங்க."

விட்டார். நகக்கண் வரை தெளிவாகத் தெரிந்தது.

"பட்டை நின்னா குழாயும் நிக்கணும். பட்டை ஓடும்போது இதை முதல் தொட்டிக்குத் திருப்பிடலாம். அங்க மண்ணைத்தானே கழுவுறோம்? அதுக்கப்புறம் தோலே போயிடுது."

மேலாளர் ஆய்வகத்துப் பெண்ணைக் கூப்பிட்டார். அவள் வெகு கறார். "சாப்பிடுற பொருள். சோதிக்காம ஒரு சொட்டுகூட விட மாட்டேன்" என்றாள்.

"தினமும் சோதிங்க. கடைசி அலசலுக்கு எப்பவும் புதுத் தண்ணிதான். அதுல நான் கை வைக்கச் சொல்லல" என்றாள் அக்கா.

ஒரு வாரம் சோதனை நடந்தது. தேக்கி வைக்கக் கூடாது, தினமும் மாலையில் தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவ வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. ஆலையில் குழாய் வேலை பார்க்கும் பிட்டர், மூன்றாம் தொட்டியிலிருந்து முதல் தொட்டிக்கு ஒரு குழாய் போட்டார்.

முதல் நாளே நுரை பொங்கிவிட்டது. கிழங்கின் மாவுப்பசை கலந்த தண்ணீர் உயரத்திலிருந்து விழுந்ததில், நுரை முதல் தொட்டியைத் தாண்டி முழங்கால் அளவுக்குத் தரையில் பரவியது. "கிழங்குக்குச் சோப்பு போட்டாச்சா?" என்று யாரோ சிரித்தார்கள். மேலாளர் சிரிக்கவில்லை. "நாளைக்கு ஒரு நாள் பார்ப்போம். இல்லேன்னா பழையபடிதான்" என்றார்.

மறுநாள் காலை வீட்டு முற்றத்தில் அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பஸ் ஓட்டுநரான அவள் கணவர் தன் சட்டை ஊறிய வாளியில் உதவிக்குத் தண்ணீர் பிடித்தார். நுரை பொங்கி வழிந்தது. அவர் சலித்துக்கொண்டு குழாயின் நுனியை வாளியின் அடிவரை அமுக்கினார். பொங்குவது நின்றுவிட்டது.

"அப்படியே வச்சிருங்க" என்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஈரச் சட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

"ஏம்மா, இதை யாரு அலசறது?"

"நீங்கதான்."

வேலை தொடங்குவதற்குள், அவள் சொன்னபடி பிட்டர் அந்தக் குழாயை நீட்டி, அதன் வாய் தண்ணீருக்குள் முழுகும்படி வைத்தார். பட்டை ஓடத் தொடங்கியது. ஒரு மணி நேரம் ஆகியும் நுரை எழவில்லை. மூன்றாம் தொட்டியின் தண்ணீர் சத்தமில்லாமல் முதல் தொட்டிக்குள் இறங்கி மண்ணைக் கரைத்துக்கொண்டிருந்தது. ஆய்வகத்துப் பெண் நாள் தவறாமல் சோதித்தாள். ஒரு நாளும் குறை வரவில்லை.

இரண்டு வாரத்தில் கழுவும் பிரிவின் தண்ணீர்ச் செலவு பாதியாக இறங்கியது. மேலாளர் அறிவிப்புப் பலகை முன் நின்று, நான்கு நாள் வேலை என்ற அந்தத் தாளைத் தன் கையாலேயே கிழித்தார். "ஆறு நாளும் வேலை உண்டு" என்று அவர் சொன்னதும் பதினான்கு பெண்களும் போட்ட சத்தம் பொட்டலம் கட்டும் பிரிவு வரை கேட்டதாம். யாரோ அக்காவைத் தூக்கவே பார்த்தார்கள். "இடுப்பு பிடிச்சுக்கும், விடுங்கடி" என்று சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது.

அதே முதலாளியின் பழச்சாறு ஆலையிலிருந்தும், அங்கே தண்ணீரை மிச்சப்படுத்த வழி கேட்டு, கார் அனுப்பி அவளைக் கூப்பிட்டார்கள். பொறியாளர்கள் நான்கு பேர் நோட்டும் பேனாவுமாகக் காத்திருந்தார்கள். ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"முதல்ல உங்க சாக்கடையைக் காட்டுங்க" என்றாள்.