நான் சுற்றிய மோட்டார்

வார்னிஷ் வாசனைக்கு ஒரு குணம் உண்டு. முதலில் மூக்கில் இனிப்பாக ஏறி, பிறகு தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டு, சோறு சாப்பிடும்போதுகூட எழுந்திருக்க மறுக்கும். இன்றைக்கும் ஏதாவது ஒரு கடை வாசலில் அந்த வாசனை வந்தால் என் கால் ஒரு முறை நின்றுவிட்டுத்தான் நகர்கிறது. பதினோராம் வகுப்பு முடியப்போகிற மாசி மாதத்தில் ஒட்டிக்கொண்ட பயம் அது.

திருத்தணியில் நான் படித்த பள்ளியில் அப்போது தொழிற்கல்விப் பிரிவு என்று ஒன்று இருந்தது. ஊரில் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். "வொக்கேஷனல்" என்பார்கள், சொல்லும்போதே உதட்டை லேசாகப் பிதுக்குவார்கள். கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறிய எனக்கு அதில்தான் இடம் கிடைத்தது. கரிந்துபோன மோட்டாரைப் பிரித்துச் செம்புக் கம்பியால் புதிதாகக் "காயில்" சுற்றுவதுதான் எங்கள் முக்கியமான பாடம். அக்கா வீட்டுக்காரரை நாங்கள் பாவா என்று கூப்பிடுவோம். பொதட்டூர்பேட்டையில் தறி வைத்திருந்தார். வீட்டுக்கு வரும்போதெல்லாம், "பொம்பளப் புள்ள ஸ்பானர் புடிச்சுகினு இன்னா பண்ணப்போவுது? எங்க தறிக்கு அனுப்புங்க" என்பார். எங்கள் நைனா, அதாவது அப்பா, "படிக்கட்டும் வுடு" என்பார். அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வராது.

அந்த மாசியில், நெல் பால் பிடிக்கிற நேரம் பார்த்து, எங்கள் கிணற்று மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. அரக்கோணத்தில் மோட்டார் சுற்றும் கடைக்குப் பாவாவே வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கடை வாசலில் தெருவரைக்கும் மோட்டார் கிடக்கிறது, பத்து நாளைக்கு யாரையும் கிட்டே சேர்க்கமாட்டார்கள் என்றார். பத்து நாள் தண்ணீர் இல்லாவிட்டால் எங்கள் நெல் பதராகிவிடும். எல்லோரும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது நைனா வாயைத் திறந்தார்: "எம் பொண்ணு சுத்தும்."

அதுவரை நான் சுற்றியதெல்லாம் பள்ளியில் கிடந்த செத்த மோட்டார்கள். அவை ஓடினாலும் ஓடாவிட்டாலும் கேட்க ஆள் கிடையாது. பாவா சிரிக்கவில்லை. "ஓடுச்சின்னா நான் இனிமே வாயத் தொறக்கமாட்டேன். ஓடலன்னா பங்குனியில தறிக்கு வந்துடணும், இன்னா சொல்றீங்க?" என்றார். நைனா என்னைப் பார்த்தார், பிறகு, "ஆங்" என்று தலையாட்டிவிட்டார். மனுஷர் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பள்ளியில் எங்களுக்குக் காயில் சுற்றச் சொல்லிக்கொடுத்த சார் தயங்கித் தயங்கித்தான் ஒப்புக்கொண்டார். செய்முறை வகுப்பில், அவர் கண் முன்னால், பழைய கம்பியை அறுத்தெடுத்து, கம்பி உட்காரும் காடிகளைச் சுரண்டி, மின்சாரம் இரும்பில் கசியாமலிருக்கப் புதுக் காகிதம் சொருகி, காயில் காயிலாக இறக்கினேன். ஒரு சுற்றை எண்ணும்போது யாராவது தும்மினால் போதும், எண்ணிக்கை போய்விடும், முதலிலிருந்து பிரிக்க வேண்டும். ராத்திரி கண்ணை மூடினால் கம்பிதான் சுற்றிக்கொண்டிருக்கும். ஒருவழியாகச் சுற்றி முடித்து வார்னிஷ் ஊற்றிய பிறகு, நல்ல வெயிலில் அது காய வேண்டுமே என்று, வீட்டு மொட்டை மாடிக்கே கொண்டுவந்து வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அம்மா அதன் பக்கத்திலேயே காக்கா ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீழே வந்து தண்ணீர் குடித்துவிட்டு, "பத்திரம், பத்திரம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி ஏறுவாள்.

திங்கட்கிழமை காலை பள்ளியில் சார் "மெக்கர்" பெட்டியை எடுத்தார். கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே மின்சாரம் பிறக்கும். கம்பி எங்காவது இரும்பு உடம்பில் கசிந்தால் முள் எழும்பாது, அதைத்தான் பாடி அடிப்பது என்பார்கள். அவர் சுற்றினார். முள் எழும்பவில்லை. திரும்பச் சுற்றினார். அது படுத்த இடத்திலேயே கிடந்தது.

"பாடி அடிக்குதும்மா," என்றார் சார். "எங்கியோ காகிதம் கிழிஞ்சிருக்கு. எல்லாத்தையும் பிரிச்சுத்தான் பாக்கணும்."

பிரித்தால் மறுபடி சுற்ற ஒரு வாரம். வயலில் அந்த ஒரு வாரம் இல்லை. தறிச் சத்தம் காதில் கேட்கத் தொடங்கிவிட்டது. சார் கம்பி வெட்டும் குறடை என் கையில் கொடுத்தார். எந்தக் காயிலில் வைப்பது என்று தெரியாமல், காயில்களின் முனைகளைச் சேர்த்துக் கட்டியிருந்த அடிப்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே போனேன். ஓர் இடத்தில் விரல் ஈரமாயிற்று. வெளியே எடுத்துப் பார்த்தேன், மஞ்சள்.

கம்பிகளின் இணைப்புக்கும் இரும்பு உடம்புக்கும் நடுவில், மஞ்சளில் தோய்த்த கயிறு ஒன்றை யாரோ சுற்றிச் சொருகியிருந்தார்கள், முடிச்சில் விபூதி வேறு. யாரோ என்ன யாரோ, ஞாயிற்றுக்கிழமை விடியலில் மலைக் கோயிலுக்குப் போய்விட்டு வந்தவள் எங்கள் வீட்டில் ஒருத்திதான். கயிற்றை அறுத்தெடுத்துத் துடைத்து, மதியம்வரை வெயிலில் வைத்தோம். அந்த நேரம் முழுக்க நான் செய்முறை வகுப்பு நடக்கும் ஷெட்டுக்கும் வாசலுக்கும் நடந்தேன். பிறகு சார் மெக்கரைச் சுற்றினார். முள் மெதுவாக எழுந்து கடைசிவரைக்கும் போயிற்று. அவர் அந்தக் கயிற்றைக் காகிதத்தில் மடித்து என்னிடமே கொடுத்தார்.

மறுநாள் மோட்டாரைப் பூட்டி, பாவாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து தாங்கிப் பிடித்துக்கொண்டு வரும்போது, அம்மாவை என்னென்ன கேட்க வேண்டும் என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வந்தேன். கிணற்றடியில் அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். ஓரமாக அழைத்துப்போய்க் காகிதத்தைப் பிரித்துக் காட்டினேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"எம் மேல நம்பிக்க இல்லையாம்மா?"

"நம்பிக்க இல்லாம இன்னாமா. பயந்துகினே குந்தியிருந்தேன், கை சும்மா இருக்குமா?"

நானும் பள்ளியில் யாரும் பார்க்காதபோது அந்த மோட்டாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவள்தான். கயிற்றை எடுத்துப்போய் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு வெளியே, கம்பி எதுவும் படாத மூலையில் கட்டினேன்.

மும்முனை மின்சாரம் வந்ததும் நைனா, "நீயே போடு" என்று ஒதுங்கிக்கொண்டார். அழுத்தினேன். மோட்டார் உறுமியது, ஆனால் குழாயில் தண்ணீர் வரவில்லை. உள்ளே காற்று இருக்கும், ஏறி வரக் கொஞ்ச நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் குழாய் வாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு குழாய் ஒரு முறை இருமி, மண் கலந்த தண்ணீரைத் தொட்டியில் கொட்டியது. பாவா செருப்பைக் கழற்றிவிட்டு முகம் கழுவிக்கொண்டார். சொன்னபடியே அதன் பிறகு வாயைத் திறக்கவில்லை.

இப்போது நான் ஒரு மோட்டார் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். அங்கே முள் இல்லை, திரையில் எண் வருகிறது. பள்ளியில் அந்தத் தொழிற்கல்விப் பிரிவை எடுத்துவிட்டார்கள். ஷெட்டில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கியிருக்கிறார்கள். கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டதால் ஆழ்குழாய்க் கிணறு போட்டாயிற்று. நைனாவுக்குப் பிறகு நிலத்தைப் பார்க்கும் தம்பி, அரக்கோணத்தில் டீ குடித்துக்கொண்டே கைப்பேசியில் ஒரு பொத்தானைத் தொட்டு மோட்டாரைப் போடுகிறான். போன மாதம் ஊருக்குப் போனபோது என் கண் முன்னாலேயே அப்படிப் போட்டான், போட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டான். நான் வயலுக்கு நடந்து போய்ப் பார்த்தேன். தண்ணீர் அது பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா போய் மூன்று வருடமாகிறது; தண்ணீர் வருமோ வராதோ என்று பயந்துகொண்டு நிற்க அங்கே ஒருவரும் இல்லை.